மூடி வைக்க ஒரு கதவு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘வீட்டு அலங்காரமும் தொலைக்காட்சியும்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தொலைக்காட்சியில் முகம் காட்டுகிறவள், வீட்டில் அந்தப் பெட்டியை எங்கே வைத்தால் அழகாக இருக்கும் என்று சொல்லட்டும் என ஏற்பாட்டாளர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் நான் பேசப் போவது வேறு. பார்க்காத நேரத்தில் அது நம் கண்ணில் படாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

சிலர் சிரிப்பது தெரிகிறது. கறிக்கடைக்காரர் சைவம் சாப்பிடச் சொன்ன கதையாக இருக்கிறதே என்று நினைக்கிறீர்கள். தொலைக்காட்சி பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. பாருங்கள், நன்றாகப் பாருங்கள், என் நிகழ்ச்சியையும் பாருங்கள். பார்த்து முடித்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்கு என் வேலையிலிருந்துதான் வந்தது. குடும்பங்களைப் பேட்டி காண்பதற்காக நெகிரி செம்பிலானில் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ரந்தாவ், லிங்கி, சிலியாவ், லாபு, நீலாய், பகாவ் என்று ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்கள். தோட்டத்து லயங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் இன்று இந்த ஊர்களின் தாமான்களில் குடியிருக்கின்றன. வீட்டுக்குள் நுழைந்ததும் ஒளிப்பதிவாளர் விளக்கு எங்கே வைப்பது என்று பார்ப்பார். நான் நாற்காலிகளைப் பார்ப்பேன். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நாற்காலிகள் ஒரே திசையைப் பார்த்துக் கிடக்கும். அந்தத் திசையில் தொலைக்காட்சி இருக்கும். கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டுமானால், நாங்கள் போய் நாற்காலிகளைத் திருப்பிப் போட வேண்டும். பேட்டி முடிந்ததும் வீட்டுக்காரர் முதல் வேலையாக அவற்றைப் பழையபடி திருப்பி வைத்துவிடுவார்.

ஒரு முறை ஓர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “இப்படி எதிர் எதிரா உக்காந்து ரொம்ப நாளாச்சும்மா. கல்யாண வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கு.” எல்லோரும் சிரித்தோம். அவருடைய கணவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

கதவு வைத்த பெட்டி

தொலைக்காட்சியை மறைத்து வைப்பது ஏதோ வெள்ளைக்காரர் வீட்டு நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். அது நம் தோட்டங்களில் இருந்த பழக்கம்தான்.

நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள். 1969இல் இரண்டாவது அலைவரிசை வந்தது. வண்ணத்தில் படம் வந்தது 1978 டிசம்பரில். அதுவரை கறுப்பு வெள்ளைதான். அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றை மரத்தில் செய்தார்கள். நான்கு கால் இருக்கும். முன்பக்கம் இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மடக்குக் கதவு இருக்கும். சிலவற்றில் பூட்டும் உண்டு. கதவை மூடிவிட்டால் அது தொலைக்காட்சி என்றே தெரியாது. மேலே ஒரு பின்னல் துணி, அதன் மேல் ஒரு பூச்சாடி, பக்கத்தில் கல்யாணப் படம் என்று அது ஓர் அலமாரியாகிவிடும்.

போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவிய என் தாத்தா அப்படி ஒரு பெட்டியை வாங்கினார். முகமது அலி கோலாலம்பூரில் குத்துச்சண்டை போட்ட 1975ஆம் ஆண்டு அது என்று அப்பா கணக்கு வைத்திருந்தார். லயத்தில் அப்போது இருபத்து நான்கு மணி நேர மின்சாரம் கிடையாது. தோட்டத்து இயந்திரம் மாலையில் ஓடும், இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதனால் தாத்தா கார் பேட்டரியில் பெட்டியை ஓட்டினார். பேட்டரி தீர்ந்தால் சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டணத்துக் கடைக்குப் போய் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். ஆகவே எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். தமிழ்ப்படம் வரும் நாளில் மட்டும் பக்கத்து லயத்து ஆட்களும் வந்து அஞ்சடி வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். தாத்தா கை கால் கழுவிவிட்டு வந்து கதவை இரண்டு பக்கமும் தள்ளித் திறப்பாராம். படம் முடிந்ததும் மறுபடி மூடுவார். மூடிய பிறகும் யாரும் உடனே எழுந்து போக மாட்டார்கள். படத்தைப் பற்றிப் பேசி, பிறகு மரத்தைப் பற்றி, மண்டோரைப் பற்றி, மாப்பிள்ளை தேடுவதைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் போவார்கள்.

எங்கள் தோட்டத்துப் பொது மண்டபத்திலும் ஒரு பெட்டி இருந்ததாம். அதைப் பலகைக் கூண்டுக்குள் வைத்து, பூட்டி, சாவியை ஓர் ஆளிடம் கொடுத்திருந்தார்கள். நேரம் வந்தால் திறப்பார், முடிந்தால் பூட்டுவார். திருட்டுக்குப் பயந்து பூட்டினார்களோ, சிறுவர்களுக்குப் பயந்து பூட்டினார்களோ, எப்படியோ தொலைக்காட்சிக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தது.

எனக்கு நினைவு தெரிந்தபோது தாத்தாவின் பெட்டியில் படம் வருவது நின்றுபோயிருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டுப் பாட்டி அதில் சாமிப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்தார். கதவு மட்டும் கடைசிவரை வழுக்கிக்கொண்டு போகும். சின்ன வயதில் அந்தக் கதவைத் திறந்து மூடுவதுதான் எனக்கு விளையாட்டு.

கதவு எப்போது போனது?

பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். வண்ணப் பெட்டி வந்தது. பிளாஸ்டிக் உறை வந்தது. கதவு போனது. 1984இல் தனியார் அலைவரிசையான டிவி3 தொடங்கியது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு மின்சாரமும் குழாய் நீரும் கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. பேட்டரி தூக்கிக்கொண்டு போன காலம் முடிந்தது. அது நல்ல காரியம்தான். 1996இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள ஒளிபரப்பு வந்தது. வாரம் ஒரு தமிழ்ப்படத்துக்குக் காத்திருந்த நமக்கு நாள் முழுதும் தமிழ் கிடைத்தது. அதனால்தான் என்னைப் போன்றவர்களுக்கு வேலையே கிடைத்தது. அந்த நன்றியை மறந்து பேச மாட்டேன். 2019இல் பழைய அலைபரப்பு முறையும் முடிவுக்கு வந்து எல்லாம் இலக்கமுறையாகிவிட்டது.

அதே காலத்தில் நம் வீடுகளும் மாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. நாங்களும் 2001இல் லயத்தை விட்டுச் சிரம்பானில் மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். சொந்த வீடு, கல் வீடு, கூரையில் மழை பெய்தாலும் பேச்சுக் கேட்கும் வீடு. அம்மா அழுதுகொண்டே பால் காய்ச்சினார். ஆனால் லயத்தில் இருந்த ஒன்று இந்த வீட்டில் இல்லை. அதுதான் அஞ்சடி. வேலை முடிந்து வந்தவர்கள் காலை நீட்டி உட்கார்ந்த இடம், வெற்றிலை போட்ட இடம், சண்டை போட்டுச் சமாதானமான இடம். தாமான் வீட்டில் அதற்குப் பதிலாகக் கார் நிறுத்துகிற இடமும் இரும்புக் கதவும் இருந்தன. அடுக்குமாடியில் அதுவும் இல்லை. 650 சதுர அடிக்குள் எல்லாமும் அடங்க வேண்டும்.

ஆக, குடும்பம் ஒன்றாகக் கூடுவதற்கு மிச்சமிருந்தது முன்கூடம் ஒன்றுதான். அந்த ஒரே கூடத்தில் நாம் தொலைக்காட்சியை வைத்தோம். அதுவும் கதவில்லாமல்.

ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். பழைய 21 அங்குலப் பெட்டியின் திரை சுமார் 43 சென்டிமீட்டர் அகலம், 32 சென்டிமீட்டர் உயரம். இன்று பல வீடுகளில் இருக்கிற 55 அங்குலத் திரை சுமார் 122 சென்டிமீட்டர் அகலம், 68 சென்டிமீட்டர் உயரம். பரப்பளவில் பழையதைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. பெட்டி மெலிந்துவிட்டது, இடத்தை அடைப்பதில்லை என்கிறோம். தரையில் அடைப்பதில்லை, உண்மைதான். சுவரில் அடைக்கிறது. அணைத்து வைத்தாலும் கூடத்தின் நடுவே பெரிய கறுப்புக் கண்ணாடியாக நிற்கிறது. அதைப் பார்க்கும்போது கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது. என் கையும் அப்படித்தான்.

பதினாறு நாள்

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 2016இல் என் அப்பா இறந்துபோனார். சாவு வீட்டில் தொலைக்காட்சியை அணைத்து வெள்ளைத் துணியால் மூடி வைப்பது நம்மில் பலரிடம் இருக்கும் வழக்கம். பெரியப்பா வந்ததும் முதலில் அதைத்தான் செய்தார். அப்பாவைக் கூடத்தில் கிடத்துவதற்காக நாற்காலிகளை ஓரமாக நகர்த்தினார்கள். காரியங்கள் முடிந்து அவற்றைத் திரும்பப் போட்டபோது, மூடிக் கிடந்த பெட்டியை நோக்கிப் போட யாருக்கும் தோன்றவில்லை. சுவரை ஒட்டிச் சுற்றிலும் போட்டார்கள். எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் பார்க்கும்படி அமைந்துவிட்டது.

கருமாதி வரை பதினாறு நாள் அப்படியே இருந்தது. அந்தப் பதினாறு நாளில் அப்பாவைப் பற்றி நான் அறிந்துகொண்டது, அவரோடு வாழ்ந்த இருபத்தெட்டு வருடங்களில் அறிந்ததைவிட அதிகம். அவர் பள்ளிக்கூட நாடகத்தில் பெண் வேடம் போட்டார் என்பதை அத்தை சொன்னார். தம்பி படிப்புக்குக் காசு இல்லாதபோது யாரிடமும் சொல்லாமல் இரவில் லோரிக்கு மூட்டை ஏற்றினார் என்பதை அவருடைய கூட்டாளி சொன்னார். தம்பி அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். அப்பா உயிரோடு இருந்தபோது இதே கூடத்தில், இதே நாற்காலியில், எத்தனை இரவுகள் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம்! பெரும்பாலும் நான் வருகிற நிகழ்ச்சியைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் இருக்கும்போதுகூட, திரையில் வருகிற என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாம் நாள் காலையில் துணியை எடுத்தோம். மத்தியானத்துக்குள் நாற்காலிகள் பழையபடி திரும்பிவிட்டன. யார் திருப்பினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. சாவு வந்தால்தான் அந்தத் திரையை மூட வேண்டுமா? சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்தரம் மூடினால் என்ன?

எப்படி மறைப்பது?

இனி அலங்காரத்துக்கு வருகிறேன். உலகத்தில் பெரிய பெரிய நிறுவனங்களே இதற்கு வழி தேடியிருக்கின்றன. அணைத்தால் சட்டமிட்ட ஓவியம் போலக் காட்சி தரும் ‘தி ஃபிரேம்’ என்ற தொலைக்காட்சியைச் சாம்சுங் 2017இல் வெளியிட்டது. பாய் போலச் சுருண்டு பெட்டிக்குள் இறங்கிவிடும் திரையை எல்ஜி நிறுவனம் 2020இல் தென்கொரியாவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. விலை பத்துக் கோடி வோன். அப்போதைய மதிப்பில் நம் பணத்துக்கு மூன்று லட்சம் வெள்ளிக்கும் மேல். அந்தக் காசில் சிரம்பானில் வீடே வாங்கியிருக்கலாம். ஆகவே நாம் நம் கைக்கு எட்டியதைப் பார்ப்போம்.

முதலாவது, திரைச்சீலை. நான் என் வீட்டில் செய்தது இதுதான். தொலைக்காட்சிக்கு மேலே சுவரில் ஒரு கம்பி, அதில் பழைய பருத்திச் சேலையிலிருந்து தைத்த இரண்டு பாதித் திரை. எனக்கு ஆன செலவு கம்பியும் கொக்கியும் தையல்கூலியும் சேர்த்து 46 வெள்ளி. திரை தொலைக்காட்சியைவிடப் பக்கத்துக்கு ஒரு சாண் அதிகமாக இருக்கட்டும். அப்போதுதான் அது டிவியை மூடிய துணியாகத் தெரியாமல் சன்னல் திரை போலத் தெரியும். துவைக்க எளிதாகக் கழற்றும்படி வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் துவைக்காத துணி பூஞ்சை பிடிக்கும்.

இரண்டாவது, தள்ளு பலகை. மேலே ஒரு தண்டவாளம் பொருத்தி, அதில் இரண்டு பலகைகளைத் தொங்கவிடுவது. 43 அங்குலத் தொலைக்காட்சி சுமார் 96 சென்டிமீட்டர் அகலம். பலகை ஒவ்வொன்றும் 55 சென்டிமீட்டர் இருந்தால் போதும். ஆனால் திறந்தால் ஒதுங்குவதற்கு இரண்டு பக்கமும் அதே அளவு வெறும் சுவர் வேண்டும். அளக்காமல் தச்சரிடம் சொல்லிவிட்டு, பிறகு சுவிட்ச் மேல் பலகை நிற்கிறது என்று வருந்தியவர்களை எனக்குத் தெரியும். பலகையின் முகப்பில் கோலம் வரையலாம், குடும்பப் படங்களை ஒட்டலாம். லாபு பக்கத்தில் ஒரு வீட்டில் பழைய லயத்து வீட்டின் சன்னல் பலகைகளையே இதற்குப் பயன்படுத்தியிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்களாம்.

மூன்றாவது, கதவு வைத்த அலமாரி. இடம் குறைந்த வீட்டுக்கு மடக்குக் கதவு நல்லது. அது பக்கத்துக்கு அதிக இடம் கேட்காது. அலமாரியைத் தரையில் ஒட்டி வைக்காதீர்கள். கால் வைத்து உயர்த்துங்கள், சுவரிலிருந்தும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கரையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும்.

இவை எதுவும் முடியவில்லை என்றால், தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கிற சுவருக்கு அடர்ந்த நிறம் அடியுங்கள். வெள்ளைச் சுவரில் கறுப்புத் திரை உறுத்தும், அடர்நீலத்திலோ கரும்பச்சையிலோ பாதி மறைந்துவிடும். செலவு ஒரு டின் சாயம்தான்.

கவனிக்க வேண்டியவை

அழகு பார்க்கப் போய் ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது. சில விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும்.

முதலில் சாமி மேடை. நம்மில் பல வீடுகளில் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே சாமிப் படங்கள் இருக்கும். அங்கே எண்ணெய் விளக்கு எரியும், ஊதுபத்தி இருக்கும். அந்த இடத்தில் துணித் திரை வேண்டவே வேண்டாம். மின்விசிறிக் காற்றில் திரை பறந்து விளக்கில் பட ஒரு நொடி போதும். ஒன்று சாமி மேடையை வேறு சுவருக்கு மாற்றுங்கள், அல்லது பலகைக் கதவு போடுங்கள்.

இரண்டாவது சூடு. ஓடிக்கொண்டிருக்கிற தொலைக்காட்சியை மூடாதீர்கள். அணைத்த பிறகே மூட வேண்டும். அலமாரிக்குள் வைத்தால் சுற்றிலும் சுமார் 10 சென்டிமீட்டர் காற்றுக்கு இடம் விடுங்கள், பின்பலகையில் துளை போடுங்கள். டிகோடர் பெட்டி அதிகம் சூடாகும். அந்தச் சூட்டுக்குப் பல்லியும் கரப்பானும் குடிவரும். மாதம் ஒரு முறை திறந்து துடையுங்கள்.

மூன்றாவது இடி. பிற்பகலில் இடியோடு மழை கொட்டும் ஊர் நம்முடையது. மூடி வைத்தாயிற்று என்று மறந்துவிடக் கூடாது. இடி வருமுன் மின்சார பிளக்கையும், கூரையிலிருந்து வரும் வடத்தையும் கழற்றி வையுங்கள். கழற்றுவதற்குக் கை எட்டுகிற இடத்தில் பிளக் இருக்கும்படி அலமாரியைச் செய்யச் சொல்லுங்கள்.

நான்காவது பிள்ளைகள். கதவு என்று ஒன்று இருந்தால் சின்னப் பிள்ளை அதைப் பிடித்துத் தொங்கும். நானே தொங்கியவள்தான். அலமாரியையும் தொலைக்காட்சியையும் சுவரோடு பட்டை போட்டுப் பிணைத்து வையுங்கள். சரிந்து விழும் தொலைக்காட்சி குழந்தையின் உயிரையே வாங்கிவிடும்.

கடைசியாக ரிமோட். அதன் ஒளி மரப்பலகையைத் தாண்டாது, மெல்லிய துணியைத் தாண்டும். டிகோடரை மறைக்க வேண்டுமானால் அதன் முகப்புக்கு மட்டும் மெல்லிய துணி வைத்த சிறு கதவு போடுங்கள்.

பாட்டி சொன்ன பதில்

இதையெல்லாம் நான் பெரிய ஞானி போலப் பேசுகிறேன். இப்படிப் பேசிக்கொண்டே பாட்டி வீட்டுக்கும் ஒரு திரை தைத்துக்கொண்டு போனேன். 84 வயதான பாட்டி சித்தப்பா வீட்டில் இருக்கிறார். காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால் சாயந்தரம் வரைக்கும் அவர் தனியாகத்தான் இருப்பார். நான் கம்பியை மாட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

“ஏன் ஆயி, அதையும் மூடிட்டா நான் யார் மொகத்தப் பாக்குறது?”

எனக்குப் பதில் வரவில்லை. ஆணியைக் கழற்றிவிட்டேன்.

நேயர்களே, இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம் அதுதான். தனியாக இருக்கிற முதியவருக்குத் தொலைக்காட்சி ஒரு பேச்சுத் துணை. லயத்தில் அஞ்சடிக்கு வந்தால் யாராவது கடந்து போவார்கள். தாமானில் பகல் முழுதும் இரும்புக் கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன. அந்தத் தனிமையில் இருப்பவரிடமிருந்து தொலைக்காட்சியைப் பிடுங்குவது பாவம். அதை மூட நமக்கு உரிமை வர வேண்டுமானால் முதலில் நாம் அவருக்கு எதிரே போய் உட்கார வேண்டும். திரையை மூடிவிட்டு நாம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனால் என்ன பயன்? பெரிய திரைக்குக் கதவு போட்டுவிட்டுச் சின்னத் திரையைக் கையில் வைத்திருந்தால் கூடம் யாருக்கும் திரும்பக் கிடைக்காது.

இப்போது நான் வேறு விதமாகச் செய்கிறேன். சனிக்கிழமை சாயந்தரம் பாட்டி வீட்டுக்குப் போவேன். கைப்பேசியைக் கைப்பையில் போட்டு, பையைச் சாமி மேடைக்குக் கீழே வைத்துவிடுவேன். நாற்காலியைத் திருப்பிப் பாட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்காருவேன். தொலைக்காட்சி ஓடிக்கொண்டுதான் இருக்கும். பேச்சு சூடு பிடித்ததும் பாட்டியே, “அத அமத்து ஆயி, காது கேக்கல” என்பார். அணைப்பேன். நான் தைத்துக்கொண்டு போன திரை எங்கே என்று ஒரு நாள் கேட்டார். மறு வாரம் மாட்டிவிட்டேன். இப்போது நான் போனால் பாட்டியே கைத்தடியால் அதை இழுத்து மூடுகிறார். நான் கிளம்பும்போது திறந்துவிட்டுப் போகச் சொல்கிறார். திறந்துவிட்டுத்தான் வருகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர்களை உட்கார வைத்து, உடனே ரிமோட்டைத் தேடாதீர்கள். அன்று ஒரு நாள் திரை மூடியே இருக்கட்டும். எஸ்பிஎம் எழுதும் பிள்ளை கூடத்து மேசையில் படிக்கிற நேரத்தில் மூடி வையுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மூடி வையுங்கள். வீட்டுக்குப் புதுத் தொலைக்காட்சி வாங்கப் போகிறீர்களா? எத்தனை அங்குலம் என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன், இதை எப்படி மூடுவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சே கொஞ்ச நேரம் ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு என் நிகழ்ச்சி வரும். பார்க்க மறக்காதீர்கள். முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு, நான் பேசியது சரியா தவறா என்று வீட்டில் இருப்பவர்களோடு பேசுங்கள். தவறு என்று முடிவு செய்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.